கையெழுத்துப் போடாத மூன்று வாரம்

1

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று வாரமாக ஒரு படிவம் தொங்கியது. ஆறு பக்கம். மகள் நிவேதாவின் பள்ளிக்கூடம் கொடுத்தது. ஜூன் கடைசியில் பதினாலு பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் வடக்கே இருக்கிற பெரிய காட்டுப் பூங்காவுக்குப் போகிறார்கள். ஆறு நாள். சின்னப் படகில் துடுப்புப் போட்டு ஏரியைக் கடப்பது, கரையில் கூடாரம் அடித்துத் தூங்குவது, மறுநாள் அதே படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்குவது. இதற்குத் தாய், தகப்பன் இரண்டு பேரும் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் மனைவி ஸ்டெல்லா படிவம் வந்த அன்றே, அடுப்பில் பால் பொங்குவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என் இடம் காலியாக இருந்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். கனடாவில் பிள்ளைக்கு மூக்கு சிந்திவிடுவதற்கும் ஒரு படிவம் இருக்கும். பதினோரு வருடத்தில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஆள் உயரம் வரும். ஆனால் இந்தப் படிவம் கேட்ட கேள்வி எனக்குப் புதிது. பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா, எத்தனை மீட்டர் நீந்துவாள், யார் சோதித்துச் சான்று கொடுத்தது? பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்தில் பிறந்தவன் நான். நீச்சலுக்குச் சான்று வாங்கியவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது. காலையில் போனவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதுதான் சான்று.

நிவேதாவிடம் சான்று இருந்தது. நீச்சல் குளத்தில் வாங்கியது, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். நாலு வயதில் எங்களோடு வந்தவள். இப்போது பதினைந்து முடிந்து பதினாறு நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'நிவ்'. வீட்டில் இன்னும் என்னை நைனா என்றுதான் கூப்பிடுகிறாள், அந்த மட்டும் தெய்வம் காப்பாற்றியது. இங்கே மற்ற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் அப்பா என்கிறார்கள். நைனா என்றால் யார், உன் மாமாவா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். நானும் மளிகைக் கடையில் "இன்னா வெல" என்று கேட்டால் யாழ்ப்பாணத்துக்காரரான கடைக்காரர் ஒரு மாதிரி சிரிப்பார். நான் சினிமா வசனம் பேசுகிறேன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

சரி, ஏன் போடவில்லை? ஸ்டெல்லா கேட்டபோது, தண்ணீரைப் பற்றி இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும் என்று சொன்னேன். அவள் மீஞ்சூர்க்காரி. ரயிலைப் பார்த்து வளர்ந்தவள், இப்போது முதியோர் இல்லத்தில் நர்ஸ். "மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துத் தரணுமா? உன் பொண்ணுதானே" என்றாள். மீன் குஞ்சு என்றாலும் பெண் குஞ்சு ஆயிற்றே. எங்கள் பக்கத்தில் வலை போடும் தோணியில் பெண்கள் ஏறுவதில்லை. ஏலத்தில் நிற்பார்கள், கூடை சுமப்பார்கள், ஆணை விடச் சத்தமாக விலை பேசுவார்கள். தோணியில் மட்டும் ஏறமாட்டார்கள். இதை இந்த ஊரில் வாயைத் திறந்து சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் ஆழம், கரடி, குளிர், கொசு என்று வேறு வேறு காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பயமும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

படிவத்தைக் கொடுக்கத் திங்கட்கிழமை காலை கடைசி. அதற்கு முந்தின புதன்கிழமை நிவேதா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "நைனா, சனிக்கிழமை நீயும் நானும் அந்தப் பார்க்குக்குப் போலாம். நீயே வந்து பாரு. பாத்துட்டு நோ சொல்லு" என்றாள். அதற்கு எப்படி மறுப்பு சொல்வது?

2

நினைத்தவுடன் போய்விடலாம் என்று இருந்தேன். முடியாது. ஒரு நாள் உள்ளே போவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், அதுவும் கணினியில், அதுவும் இத்தனை நாளைக்கு முன்னால் இத்தனை மணிக்குத் திறக்கும் என்று சட்டம். நிவேதா ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். புதன்கிழமை என்னிடம் கேட்டதே சும்மா மரியாதைக்கு. சீட்டைக் காரின் முன்கண்ணாடிக்குள் எழுத்து வெளியே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். நான் தலைகீழாக வைத்துவிட்டேன். பூங்கா வாசலில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே திருப்பி வைத்தாள்.

மூன்றரை மணி நேரம் வடக்கே. ஸ்டெல்லாவுக்குச் சனிக்கிழமை வேலை, அதனால் நாங்கள் இரண்டு பேர்தான். காடு என்றால் நான் சவுக்குத் தோப்புக்கு மேல் எதுவும் பார்த்து வளரவில்லை. இங்கே சாலையின் இரண்டு பக்கமும் மரம், அதற்குப் பின்னால் மரம், ஒரு மணி நேரம் ஓட்டினாலும் மரம். நடுவில் ஓரிடத்தில் பத்துப் பன்னிரண்டு கார் ஓரமாக நின்றது. விபத்து என்று நானும் நிறுத்தினேன். ஒரு மூஸ் சேற்றுக் குட்டையில் முழங்கால் வரை நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. எருமைக்குக் குதிரைக் கால் வைத்த மாதிரி ஒரு மிருகம். ஜனங்கள் மூச்சு விடாமல் போட்டோ எடுத்தார்கள். அது எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

எனக்கு அந்தக் கூட்டத்தில் நின்றது வெட்கமாக இருந்தது. எங்கள் ஏரிக்குப் பூநாரை வரும் மாதங்களில் சென்னையிலிருந்து ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். கழுத்தில் கேமரா, தலையில் தொப்பி. அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கரையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். பூநாரை எங்களுக்கு ஒரு தகவல்தான். அது நிற்கிற இடத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, தோணி தட்டும், சுற்றிப் போ. அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது நானே தொப்பி போட்டுக்கொண்டு மூஸ் பார்த்தேன். நிவேதா அதைப் போட்டோ எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினாள். மூஸ் இல்லை, என்னைத்தான் எடுத்திருந்தாள்.

முதலில் ஒரு நடைபாதையில் கூட்டிப் போனாள். மரத்தில் வண்ணப் பட்டை அடித்து வழி காட்டியிருந்தார்கள். கரடி வந்தால் ஓடக்கூடாது, பேசிக்கொண்டே பின்வாங்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. எந்த மொழியில் பேசுவது என்று கேட்டேன். "நீ தமிழ்ல பேசு, அது போயிடும்" என்றாள். ஏறி உச்சிக்கு வந்தால் கீழே ஏரி, அதற்கப்பால் இன்னொரு ஏரி. எண்ணி முடியாது என்றாள். ஒவ்வொரு ஏரிக்கரையிலும் கூடாரம் அடிக்கும் இடங்களுக்கு எண் போட்டிருக்கிறார்களாம். பதிவு செய்தவருக்குத்தான் அந்த இடம், அன்றைக்கு வேறு யாரும் அங்கே தங்கக்கூடாது.

இது எனக்குப் புரிந்தது. எங்கள் ஏரியையும் பாடு என்று வலை போடும் இடங்களாகப் பிரித்து, இன்றைக்கு இந்தப் பாட்டில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். முறை இல்லாதவன் அங்கே கழி ஊன்றினால் ஊர்க்கூட்டத்தில் போய் நிற்க வேண்டும். அதைச் சொன்னேன். நிவேதா நின்று முழுசாகக் கேட்டாள். எங்கள் ஊர் விஷயம் ஒன்றை அவள் போனைப் பார்க்காமல் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

3

படகு வாடகைக்கு விடும் இடத்திலும் ஒரு படிவம். செத்தால் நானே பொறுப்பு என்று பொருள். கையெழுத்துப் போட்டேன். எனக்கு என்றால் போட்டுவிடுகிறேன் பாருங்கள்.

இந்தப் படகு மெல்லிசானது, இரண்டு முனையும் கூரானது. பின்னால் உட்காருகிறவர்தான் திசை பிடிக்கிறவர். நிவேதா பின்னால் போனாள். நான் விடவில்லை. பதினெட்டு வயது வரை என் நைனாவோடு ஏரிக்குப் போனவன், எனக்கு நீ திசை பிடிப்பதா என்று அவளை முன்னால் அனுப்பினேன். எங்கள் ஏரியில் துடுப்புக்கு அதிகம் வேலையில்லை. நின்றுகொண்டு கழியைத் தரையில் ஊன்றித் தள்ளுவோம். இங்கே உட்கார்ந்த வாக்கில் துடுப்பைப் போட்டால் படகு ஆட்டுக்கல் மாதிரி அதே இடத்தில் சுற்றியது. கரையில் இருந்த பையன்கள் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் கரைக்குத் திரும்பி இடம் மாறி உட்கார்ந்தோம்.

அவள் பின்னால் உட்கார்ந்ததும் படகு நூல் பிடித்த மாதிரி போனது. மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள் என்றாள். வெயிலாக இருந்தது, மேலும் எங்கள் ஊரில் அதைப் போட்டால் கிண்டல் செய்வார்கள். மடித்துக் கீழே வைத்து மெத்தையாக உட்கார்ந்துகொண்டேன். அவள் போட்டிருந்தாள், எல்லாக் கொக்கியும் மாட்டி.

ஒரு வளைவு தாண்டி ஒரு பாறைக்கரை. அங்கே எண் பலகை ஒன்று இருந்தது. அந்த மாதிரி இடத்தில்தான் அவர்கள் தங்கப் போகிறார்கள், இறங்கிப் பார்ப்போம் என்றாள். பாறைக்கு இரண்டு கை விரித்த தூரத்தில் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளியது. முனை பாறையில் உரசப் போகிறது. எங்கள் ஏரியில் தோணி இப்படித் திரும்பினால் கேள்வியே இல்லை. இறங்குவோம். தண்ணீர் இடுப்புக்கு இருக்கும், மிஞ்சினால் மார்புக்கு. இறங்கி, தோணியைக் கையால் பிடித்துத் திருப்பி, மறுபடி ஏறுவோம். தோணியிலிருந்து தவறி விழுந்தவனும் எங்கள் ஊரில் எழுந்து நின்று திட்டுவான். கலங்கல் தண்ணீரில் அடி தெரியாது. தெரியாவிட்டாலும் அடி இருக்கும்.

இந்த ஏரித் தண்ணீரும் கடுங்காப்பி நிறம். அடி தெரியவில்லை. நான் யோசிக்கவே இல்லை. ஷூ போட்ட காலைத் தூக்கி வெளியே வைத்து இறங்கினேன்.

தரை இல்லை. கொஞ்சம் கீழே இருக்கும் என்று காலால் தேடினேன். இன்னும் கொஞ்சம் கீழே என்று தேடினேன். அதற்குள் தலை உள்ளே போய்விட்டது. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், நெஞ்சுக்குள் இருந்த காற்றைக் கையால் பிழிந்து எடுத்துவிட்டது. எனக்கு நீச்சல் தெரியும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு கை கூட வீசத் தெரியவில்லை. மேலே வந்து வாயைத் திறந்தேன், தண்ணீர்தான் போனது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளை தனியாகப் படகில் இருக்கிறாளே என்றும் நினைத்தேன்.

நான் இறங்கின வேகத்தில் படகு கவிழ வேண்டியது. நிவேதா துடுப்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். நான் மெத்தையாக்கி உட்கார்ந்த மிதவைச் சட்டை என் முகத்துக்கு நேராக வந்து விழுந்தது. அவள் குரல் கேட்டது. கத்தலாக இல்லை.

"நைனா, ஏறாத. படகுல ஏறாத. அத மட்டும் புடிச்சிக்கோ. காலு அடி."

பிடித்தேன். படகின் முனையை என் பக்கம் கொண்டுவந்து, இன்னொரு கையால் அதையும் பிடிக்கச் சொன்னாள். பிறகு துடுப்புப் போட்டு என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, பாறை சரிவாக இருந்த இடத்துக்குச் சுற்றி வந்தாள். கால் கல்லில் பட்டபோது நான் அழுதேன். அதை எழுத வெட்கமில்லை.

கரையில் என் சட்டையைக் கழற்றச் சொல்லி அவளுடைய ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள். ரோஸ் கலர், மார்பில் பள்ளிக்கூடத்தின் பெயர். "ஏன் நைனா எறங்குன? நடுத்தண்ணில யாராச்சும் எறங்குவாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எங்கள் ஊரில் இறங்குவோம் என்றேன். அவள் என் ஈர ஷூவைப் பிழிவது மாதிரி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

4

இதற்குப் பிறகு எந்த மனுஷனும் கையெழுத்துப் போட்டிருப்பான். நான் போடவில்லை.

ஸ்டெல்லா முதலில் என் நெற்றி, கழுத்து எல்லாம் தொட்டுப் பார்த்தாள். உயிர் இருக்கிறது என்று தெரிந்தபின் திட்டினாள். பிறகு ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொன்னாள். பிறகு நான் இன்னும் யோசிக்கிறேன் என்றதும் நிஜமாகவே கோபம் வந்தது அவளுக்கு. விழுந்தது நீ, தூக்கினது அவள், யார் போகக்கூடாது என்று சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அவள் சொன்ன கணக்கு சரி. என் மனம் வேறு மாதிரி கணக்குப் போட்டது. எனக்கே இப்படி என்றால் அவளுக்கு? அவளை யார் இழுப்பார்கள்? தண்ணீர் தெரியும் என்று நினைத்தவரை எனக்குப் பாதிப் பயம்தான். தெரியாது என்று ஆனபின் முழுப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நிவேதா என்னோடு பேசவில்லை. கோபித்துக்கொண்டு அல்ல. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிடச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று ஸ்டெல்லாவிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் இருந்தேன், காதில் விழுந்தது. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

என் தங்கை மல்லிகா தோணிரேவு என்ற ஊரில் கட்டிக்கொடுத்தவள். மீன் வாங்கி மீஞ்சூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறாள். எங்களுக்கு ஞாயிறு சாயங்காலம் வெயில் இறங்காத நேரம், அவளுக்குத் திங்கள் விடியற்காலை. ஏலம் தொடங்கக் காத்திருக்கும் அரை மணியில் வாரா வாரம் போன் செய்வாள். பின்னால் கூடை இழுக்கும் சத்தமும் யாரோ யாரையோ திட்டுவதும் கேட்கும்.

அன்றைக்கு நான் விழுந்த கதையைச் சிரிப்பாகத்தான் ஆரம்பித்தேன். அவளும் சிரித்தாள். ஏரிக்காரன் ஏரியில் விழுந்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொன்னாள், அங்கேயும் சிரித்தார்கள். பிறகு படிவத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று வாரமாகப் போடவில்லை, நாளைக் காலை கடைசி என்று சொன்னேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊர்க்காரி ஆயிற்றே.

"பொண்ணுதான உன்ன இழுத்துப் போட்டுச்சி?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். பெண் பிள்ளை, ஆறு நாள், காடு, தண்ணீர் என்று இழுத்தேன்.

பக்கத்தில் யாரிடமோ கூடையை நகர்த்தச் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினாள்.

"என்னியும் அப்டித்தான் எறக்குன" என்றாள்.

எனக்குப் புரிந்தது. அவளுக்குப் பதினோரு வயது, எனக்குப் பதினாலு. நைனாவோடு தொழிலுக்கு வரும் மாமாவுக்குக் காய்ச்சல். மல்லிகா தோணியில் ஏறிக் கழியைப் பிடித்து நின்றாள். நைனா அவளை இறக்கிவிட்டார். நான் அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தேன். அது நைனா அல்லவா என்று கேட்டேன்.

"நைனா இல்லண்ணா. நைனாதான் என்னிய ஏறுன்னாரு. உன்னவிட இவ நல்லா கழி போடுவான்னு சொன்னாரு. அது உனுக்குப் பொறுக்கல. உன் கூட்டாளிப் பசங்கல்லாம் கரையில நின்னாங்க. நீதான் பொம்பள ஏறுனா வல காலியா வரும்னு சொல்லி, என் கையப் புடிச்சி இழுத்து எறக்குன. சேத்துல வுழுந்தன் நான். நைனா ஒண்ணும் பேசல. அதோட சரி."

கோபமே இல்லை அவள் குரலில். இறால் விலை சொல்லுகிற மாதிரி சொன்னாள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கல" என்றாள். பிறகு, ஏலம் ஆரம்பிச்சிட்டாங்க, வெச்சிடறேன் என்று வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே நான் அதை நைனா தலையில் கட்டிவிட்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பியிருக்கிறேன். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். இனி வந்து இல்லை என்று சொல்லவும் முடியாது. யோசிக்க யோசிக்க அவள் கையின் மெலிசு கூட எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து படிவத்தை எடுத்துக்கொண்டு நிவேதாவின் அறைக்குப் போனேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அத்தையா பேசினார்கள் என்று கேட்டாள். கட்டிலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். நைனா ஏறச் சொன்னது, நான் இறக்கியது, கரையில் பையன்கள் சிரித்தது, எதையும் விடாமல் சொன்னேன். என் தமிழ் அவளுக்குச் சில இடத்தில் புரியவில்லை, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். முழுசாகப் புரிந்தபின் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"அப்பறம் அத்தை எப்ப போனாங்க?"

"எங்க?"

"படகுல. அதுக்கப்பறம் எப்ப போனாங்க?"

"போகவே இல்ல" என்றேன்.

அவள் படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை விரலால் காட்டினாள். இரண்டு இடம். இரண்டிலும் போட்டேன்.